அறைக்கொரு வெப்பநிலை

ஒரே கூரையின் கீழே, ஒரே வேளையில், ஓர் அறையில் போர்வைக்குள் ஒருவர் நடுங்க, மற்றோர் அறையில் வேறொருவர் வியர்வை துடைத்துக்கொண்டிருப்பார் என்றால், ஆண்டு முழுவதும் சாளரத்தைத் திறந்துவைத்து வாழ்ந்து பழகியவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் கனடாவின் ரொறன்ரோ மாநகரிலும், அதனை அடுத்துள்ள மார்க்கம் முதலிய நகர்களிலும் குடியேறிய உறவினரைக் கேட்டால், அவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். தை மாதத்து இரவுகளில் வெளியே சுழியத்திற்குக் கீழே 20 பாகை வரை குளிர் இறங்குவதுண்டு. ஆடி மாதத்திலோ வெயில் 30 பாகையைத் தாண்டுவதுமுண்டு. இவ்விரண்டுக்கும் ஒரே வீடு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. கனடிய வீடொன்று செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு, வீட்டைச் சூடாக்குவதற்கே போய்விடுகிறது.

அந்நாட்டு வீடுகளின் அமைப்பை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். பெரும்பாலான தனிவீடுகளில் நிலத்துக்குக் கீழே ஒரு தளம், நிலமட்டத்தில் ஒரு தளம், அதன்மேல் படுக்கையறைகள் கொண்ட மாடி என மூன்று தளங்கள் இருக்கும். நிலக்கீழ்த் தளத்தின் ஒரு மூலையில் இயற்கை வாயுவால் எரியும் உலை ஒன்று நிற்கும். இந்த உலை சமையலறை அடுப்பைப் போன்றதன்று. வாயு எரிவது ஓர் உலோகக் கூட்டின் உள்ளே. வீட்டுக் காற்று ஓடுவது அந்தக் கூட்டின் வெளிப்புறத்தே. இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. புகை தனிக் குழாய் வழியே வெளியேற, சூடேறிய காற்றை விசிறியொன்று தகரக் குழாய்களுக்குள் தள்ளும். அக்குழாய்கள் சுவர்களின் உள்ளும் தரையின் அடியிலுமாக ஓடி ஒவ்வோர் அறையிலும் ஒரு கம்பித் துவாரத்தில் முடியும். ஆறிய காற்று வேறு குழாய்களின் வழியே உலைக்குத் திரும்பும். கோடை வந்ததும் உலை ஓய்ந்துவிடும். அதே விசிறி, உலையின் மேலே பொருத்திய குளிர்ச்சுருளின் ஊடாகக் காற்றைச் செலுத்தி, அதே குழாய்களால் அதே அறைகளுக்கு அனுப்பும்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கும் கட்டளை இடுவது உள்ளங்கை அளவான ஒரு சிறு கருவி. தேமோஸ்ராற் என்று அங்குள்ள தமிழர் சொல்வது அதனையே. வெப்பநிலைநிறுத்தி என்பது பாடநூற் பெயர். வழக்கமாக அது நிலமட்டத் தளத்தின் நடைபாதைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். 21 பாகை என்று குறித்துவைத்தால், அந்தச் சுவரருகே 21 பாகை வந்ததும் உலையை நிறுத்திவிடும். அந்தச் சுவரின் நிலை மட்டுமே அதற்குத் தெரியும். மேல்மாடியில் யார் உறங்குகிறார்கள், எந்த அறையில் மேற்கு வெயில் விழுகிறது, எந்த அறையின் தரைக்குக் கீழே வண்டிக் கொட்டகை இருக்கிறது என்பனவற்றை அது அறியாது. அறியாத ஒன்றிடம் அதிகாரம் முழுவதும் கொடுக்கப்பட்டிருப்பதே இந்தக் குறைபாட்டின் வேர்.

ஸ்காபுறோவில் பலவாகக் காணப்படும் இத்தகைய வீடொன்றை மனத்திற் கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற அம்மம்மாவுக்கு எண்பது வயது. அவருக்கென ஒதுக்கிய அறை வண்டிக் கொட்டகைக்கு மேலே உள்ளது. மூன்று பக்கமும் வெளிச்சுவர், கீழே சூடாக்கப்படாத கொட்டகை, உலையிலிருந்து அவ்வறைக்குச் செல்லும் குழாயோ வீட்டிலேயே மிக நீளமானது. நடைபாதையில் 21 பாகை காட்டும்போது அவருடைய அறையில் 16 பாகைதான் இருக்கும். மருமகன் இரவு வேலைக்குப் போய்ப் பகலில் மாடியின் மேற்குப் பக்க அறையில் உறங்குபவர். கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு அவ்வறை அவிந்துவிடும். பிள்ளைகள் நிலமட்டத் தளத்திலே படிப்பார்கள். நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருக்கும் இளைஞர் இருவர், ஆனியிலும் ஆடியிலும் கம்பளிச் சட்டையோடு திரிவார்கள்.

இந்த வீட்டில் சண்டை என்று சொல்லத்தக்க சண்டை இல்லை. ஆனால் நடைபாதையைக் கடந்து செல்லும் ஒவ்வொருவரும் அந்தச் சிறு கருவியை ஒரு முறை தொட்டுவிட்டே போவர். அம்மம்மா கூட்டுவார், மகள் குறைப்பார், மருமகன் இரவு வெளியே போகுமுன் மீண்டும் குறைப்பார். "தம்பி, எனக்குக் கால் விறைக்குது" என்று அம்மம்மா சொன்னால், "மாமி, இதுக்கு மேலே கூட்டினால் பிள்ளையளுக்கு மூக்கு வறண்டு இரத்தம் வருது" என்பார் மருமகன். இருவர் சொல்வதும் உண்மை. பிறகு அம்மம்மா கேட்பதை விட்டுவிட்டார்; இரண்டு மேற்சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுக்கலானார். கேளாமல் விடுவதுதான் முதியவர்களின் வழக்கம். இதனாலேயே இது கட்டணச் சீட்டைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. குளிர்காலத்தில் வீட்டினுள்ளே 18 பாகைக்குக் குறையாதிருத்தல் நல்லது என 2018 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நோயாளருக்கும் அதற்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டியிருக்கலாம் என்றும் அது கூறியது. ஒரு கருவியின் கணக்கில் 21 பாகை உள்ள வீட்டிலே, வயதில் மூத்தவர் 16 பாகையில் படுத்திருந்தார்.

வீடு முழுவதையும் ஒன்றாகக் கருதாமல், சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே வெப்பத்தையும் குளிர்ச்சியையும் அளவிட்டு அனுப்பும் முறையை வலய முறை என்பர். இது புதிதாகத் தோன்றிய எண்ணம் அன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைற்வோட்டர் என்ற ஊரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வொறன் ஜோன்சன் என்னும் பேராசிரியர் கற்பித்துவந்தார். அந்நாட்களில் வகுப்பறைகளின் வெப்பத்தை அறியப் பணியாள் ஒருவர் அறைதோறும் நுழைந்து பார்ப்பார். பின்னர் நிலக்கீழ் அறைக்கு இறங்கிச் சென்று காற்றுக் குழாய்களின் தகடுகளைத் திருப்புவார். பாடத்தின் நடுவே இவ்வாறு ஆள் வந்துபோவதை எந்த ஆசிரியர்தாம் விரும்புவார்? அறையின் வெப்பம் மாறியதும் கீழே மணியடித்து அறிவிக்கும் மின்கருவி ஒன்றை ஜோன்சன் அமைத்து, 1883 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885 இல் மில்வோக்கி நகரில் அவர் தொடங்கிய நிறுவனம் இத்துறையில் பெயர்பெற்றது. 1895 இல், அழுத்திய காற்றின் விசையால் அறைக்கு அறை வெப்பத்தைச் சீர்செய்யும் முறைக்கும் அவர் காப்புரிமை பெற்றார். ஆகவே அறைக்கொரு வெப்பநிலை என்ற கருத்து, கரும்பலகைக்கு முன்னே நின்ற ஓர் ஆசிரியரின் எரிச்சலிற் பிறந்தது எனலாம்.

வீடுகளுக்கு அக்கருத்தைக் கொண்டுவர முயன்றவர்களுள் ஒரு பெண்ணையும் குறிப்பிடல் வேண்டும். நியூ ஜேர்சி மாநிலத்து மொறிஸ்ரவுன் நகரைச் சேர்ந்த அலிஸ் பார்க்கர் என்பவர், 1919 ஆம் ஆண்டு மார்கழி 23 ஆம் தேதி, இயற்கை வாயுவால் எரியும் வீட்டு உலை ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நிலக்கரியையும் விறகையும் அள்ளிப்போட்டு வீடுகள் சூடாக்கப்பட்ட காலம் அது. அவருடைய வரைபடத்தில் ஒரே உலைக்குள் பல எரிகலங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே அடக்கலாம், ஏற்றலாம். ஒவ்வொன்றிலிருந்தும் குழாய்கள் வீட்டின் வெவ்வேறு பகுதிகளுக்குச் செல்லும். அவர் வரைந்தபடியே அந்த உலை வழக்கத்துக்கு வரவில்லை. எனினும், வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவு என்ற எண்ணம் அந்த வரைபடத்திலே தெளிவாக இருக்கின்றது.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இத்தகைய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. காலையில் முற்றத்து ஓரம், நண்பகலில் உள்விறாந்தை, மாலையில் திண்ணை என்று வெயிலின் போக்குக்கேற்ப மனிதரே நகர்ந்தனர். இரவில் காற்று வரும் பக்கத்துக்குப் பாயை இழுத்துப் போட்டனர். கனடாவின் வீட்டிலோ ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஓர் கட்டில், ஒரு கதவு. எண்பது வயதில் படியேறி அறைமாறுதல் எளிதன்று. ஆகவே அங்கே காற்றைத்தான் நகர்த்த வேண்டியிருக்கிறது.

அந்த ஸ்காபுறோ வீட்டார் முதலிற் செய்தது, எல்லோரும் செய்வதையே. ஆளில்லாத அறைகளின் துவாரங்களை மூடிவிட்டனர். மிகுந்த காற்று அம்மம்மாவின் அறைக்குப் போகும் என்று எண்ணினர். காற்றுக் குழாய் நீர்க்குழாய் போன்றதன்று. வாயை மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம், குழாய்களின் இணைப்புகளிலுள்ள இடைவெளிகளால் சுவருக்குள்ளும் கொட்டகைக்குள்ளும் காற்றைக் கசியவிடும். அம்மம்மாவின் அறைக்கு வந்த காற்று சற்றே கூடியது. விசிறியின் இரைச்சல் பெரிதும் கூடியது.

அடுத்து அழைக்கப்பட்ட விற்பனையாளர் ஒருவர், வீட்டைச் சுற்றிப் பாராமலே, உலை சிறிது என்றும் பெரியதொன்று வைக்கவேண்டும் என்றும் சொன்னார். பெரிது நல்லது என்ற எண்ணம் இத்துறையில் மிகவும் தீங்கு செய்வது. பெரிய உலை நடைபாதையை விரைவாகச் சூடாக்கிவிட்டு விரைவாகவே நின்றுவிடும். நீண்ட குழாயின் அந்தத்திலுள்ள அறைக்குச் சூடு போய்ச் சேருமுன்பே ஓட்டம் முடிந்துவிடும். கோடையிலும் அப்படியே. அளவுக்கு மீறிய குளிரூட்டி காற்றைக் குளிரச் செய்யும். ஆனால் அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க நேரமின்றி நின்றுவிடும். குளிரும் ஈரமும் சேர்ந்த அறை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

மூன்றாவதாக வந்தவர் அளவு நாடாவைக் கையில் எடுத்தவர். ஒவ்வோர் அறையின் நீள அகலங்கள், சாளரங்களின் பரப்பும் திசையும், சுவரினுள் அடைக்கப்பட்ட வெப்பக்காப்பின் தடிப்பு, காற்று நுழையும் இடைவெளிகள் ஆகிய யாவற்றையும் குறித்துக்கொண்டார். அறைக்கு அறை எவ்வளவு வெப்பம் குளிர்காலத்தில் இழக்கப்படுகிறது, கோடையில் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிடுவதற்குக் கனடாவில் எப் 280 எனப்படும் நியமம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மனுவல் ஜே என்ற கைநூலைப் பின்பற்றுவர். கணக்குப் பார்த்ததில் உலை சிறிதன்று, தேவைக்குச் சற்றுப் பெரிதே என்பது தெரிந்தது. அம்மம்மாவின் அறைக்குச் செல்லும் குழாய் கொட்டகையின் கூரைக்குள் ஓரிடத்தில் இணைப்பு விட்டு, வண்டிகளுக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அவ்வறையின் தரைக்குக் கீழே வெப்பக்காப்பு பாதியளவே இருந்தது.

வலயம் பிரிப்பதற்கு முன்னர் இவற்றைச் சீர்செய்தாக வேண்டும். ஓட்டைக் குடத்துக்கு அளவுகோல் வைப்பதாற் பயன் இல்லை. இணைப்புகள் ஒட்டப்பட்டன, கொட்டகையின் கூரைக்குள் காப்பு நிரப்பப்பட்டது. இவ்விரண்டினால் மட்டும் அம்மம்மாவின் அறை 16 பாகையிலிருந்து 18 பாகைக்கு ஏறிற்று. பல வீடுகளில் இந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடலாம். விற்பனைக்கு வருவோர் இதனைச் சொல்வது அரிது.

இனி, வலயங்களை அமைக்கும் முறை. பிரதான குழாயிலிருந்து கிளைகள் பிரியும் இடங்களில், வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு தகடு அச்சில் பொருத்தப்படும். அதனைச் சிறு மின்பொறி ஒன்று திறக்கும், மூடும். இதற்கு டாம்பர் என்று பெயர். வைற்வோட்டர்க் கல்லூரியின் பணியாள் கையாற் திருப்பிய தகடே இது. திருப்பும் கைதான் மாறியிருக்கிறது. ஒவ்வொரு வலயத்திலும் ஒரு வெப்பநிலைநிறுத்தி மாட்டப்படும். இவை யாவற்றிலிருந்தும் 24 வோல்ற்று மெல்லிய கம்பிகள் உலையருகே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும். மாடியில் சூடு வேண்டுமென்று ஒரு கருவி அறிவித்தால், பெட்டி மாடித் தகட்டைத் திறந்து, மற்றவற்றை மூடி, பின்னர் உலையை எழுப்பும். மாடி நிறைவடைந்ததும் எல்லாம் ஓயும்.

எத்தனை வலயங்கள் என்பதே இங்கே அறிவு வேண்டிய இடம். அறைக்கு ஒன்று வைத்தால் என்ன என்று மருமகன் கேட்டார்; வைக்கலாகாது என்பது பதில். குளிரூட்டியின் வலிமையை டன் கணக்கில் அளப்பர். பனிக்கட்டி விற்ற காலத்து அளவு அது: 2,000 இறாத்தல் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வலிமை ஒரு டன். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று ஓடவேண்டும். மூன்று டன் குளிரூட்டிக்கு 1,200 கன அடி. ஒரு சிற்றறைக்குச் செல்லும் ஆறு அங்குலக் குழாயோ 100 கன அடி அளவையே இலகுவாகச் சுமக்கும். அந்த ஒன்றை மட்டும் திறந்து மற்றவற்றை மூடினால், 1,200 கன அடி காற்று 100 கன அடி வழியிலே நுழைய முயலும். குழாய் ஊளையிடும். போதிய காற்று ஓடாமையாற் கோடையில் குளிர்ச்சுருளிற் பனி படர்ந்து உறைந்துவிடும். குளிர்காலத்தில் உலைக்கூடு அளவுக்கு மீறிச் சூடேற, பாதுகாப்பு ஆளி உலையை அணைத்துவிடும். நாள்தோறும் இவ்வாறு நேர்ந்தால் உலைக்கூடு நாளடைவில் வெடிக்கும். வெடித்த கூட்டின் வழியே காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு, மணமுமின்றி நிறமுமின்றி, வீட்டுக் காற்றில் கலக்கக்கூடும். ஆதலின் வலய முறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உறங்கும் இடங்களின் அருகே அந்நச்சுவாயுவை அறிவிக்கும் மணி இருத்தல் இன்றியமையாதது.

இந்த அழுத்தத்தைத் தணிப்பதற்குப் பலர் கையாளும் வழி, மிகுந்த காற்றை நேரே திரும்புங் குழாய்க்குள் விடும் குறுக்குக் குழாயாகும். அது மலிவானது, ஆனால் சூடாக்கிய காற்றை மீண்டும் சூடாக்குவதும் குளிர்ந்த காற்றை மீண்டும் குளிரச் செய்வதும் சிறந்த சிக்கனம் ஆகாது. வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் விசிறியும், பாதி வலிமையிலும் எரியவல்ல உலையும் இருந்தால் ஒரு வலயம் மட்டும் திறந்திருக்கையில் பொறி மெல்லவே ஓடும். வலயங்களைச் சிலவாகவும் பெரியனவாகவும் வைத்தல் எல்லாவற்றினும் நன்று.

ஆகவே அந்த வீடு மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நிலமட்டத் தளமும் நிலக்கீழ்த் தளமும் சேர்ந்து ஒன்று. மாடியின் படுக்கையறைகள் ஒன்று. கொட்டகைக்கு மேலுள்ள அறையும் அதனோடு சேர்ந்த குளியலறையும் நடைபாதையும் ஒன்று. வாடகைக்கு இருந்த இளைஞர்களுக்குத் தனி வலயம் கிடைக்கவில்லை. கோடையில் அவர்களுடைய துவாரங்களைப் பாதி சாத்திவைத்ததோடு அவர்கள் நிறைவடைய வேண்டியதாயிற்று. நீதி சரிசமமாக இல்லைதான். குழாய்களும் பணமும் இடங்கொடுத்தது அவ்வளவே.

வெப்பநிலைநிறுத்தியை எங்கே மாட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில், உட்சுவரில், வெயிலோ விளக்கின் சூடோ துவாரத்துக் காற்றோ நேரே படாத இடத்தில் அது இருக்கவேண்டும். அம்மம்மாவின் அறையில் முதலில் அதனைப் பூசைப் படங்களுக்குக் கீழே மாட்டினார்கள். மாலையில் விளக்கேற்றியதும் அறை சூடாகிவிட்டது என்று அது எண்ணிக்கொண்டது! மறுநாளே எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள்.

வேலை மூன்று நாட்களில் முடிந்தது. நிலக்கீழ்த் தளத்தின் உட்கூரையை இரண்டு இடங்களில் வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. தகடு பொருத்திய இடங்களுக்குப் பின்னரும் கை எட்டவேண்டுமாதலால், அங்கே சிறு கதவுகள் வைக்கப்பட்டன. ஒன்ராறியோ மாகாணத்தில் வாயு உலையிற் கைவைப்பதற்கு உரிய சான்றிதழ் பெற்றவருக்கே அனுமதி உண்டு. உறவினர் ஒருவருக்குத் தெரிந்த வேலையாளைக் கொண்டு குறைந்த செலவில் முடிக்கலாம் என்ற யோசனை எழாமலில்லை. மகள் அதற்கு இணங்கவில்லை.

முதற் குளிர்காலத்தில் ஒரு குறை தோன்றியது. மூன்றாம் வலயம் மட்டும் சூடு கேட்கும் இரவுகளில் அம்மம்மாவின் துவாரம் சீழ்க்கை அடித்தது. மற்ற இரண்டு தகடுகளும் முற்றாக மூடிக்கொள்வதே காரணம். அமைத்தவர் திரும்பி வந்து, அவை எப்போதும் சிறிதளவு திறந்தே நிற்கும்படி பெட்டியில் திருத்தம் செய்தார், சீழ்க்கை நின்றது. சித்திரையிலும் ஐப்பசியிலும் வேறொரு சங்கடம். அம்மம்மாவின் அறை சூடு கேட்கும் அதே பிற்பகலில், மேற்குப் பக்க அறை குளிர்ச்சி கேட்கும். ஒரே பொறி ஒரே நேரத்தில் இரண்டையும் தரமுடியாது. முதலிற் கேட்டதற்குக் கொடுத்துவிட்டு, சிறிது நேரம் பொறுத்து, மற்றதற்கு மாறும். அந்தச் சில வாரங்களில் மருமகன் சாளரத்தைத் திறந்துவைத்தே உறங்குகிறார்.

இதனை முற்றாகத் தீர்க்கவல்ல வேறு முறைகளும் உண்டு. சுடுநீர் ஓடும் பழைய வீடுகளில், அறையிலுள்ள ஒவ்வொரு வெப்பக் கலத்துக்கும் தானாகத் திறந்து மூடும் வால்வைப் பொருத்திவிடலாம். அங்கே காற்றுக் குழாய்ச் சிக்கல் எதுவும் இல்லை. குழாய்களே இல்லாத வீடுகளில், வெளியே ஒரு பொறியும் உள்ளே அறைக்கொரு சுவர்ப்பெட்டியுமாக அமையும் வெப்பப் பம்பி ஏற்றது. குளிர்நாட்டுக்கெனச் செய்யப்பட்ட பம்பிகள், வெளியே சுழியத்திற்குக் கீழே 25 பாகை குளிரிலும் காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைக்கவல்லன. செலவு அதிகம், சுவரில் துளையிட வேண்டும், பெட்டிதோறும் வடியைக் கழுவவேண்டும். வீட்டைப் பார்த்து முறையைத் தெரிந்தெடுக்க வேண்டுமேயன்றி, அயலவர் வீட்டைப் பார்த்து அன்று.

குளிரைப் பற்றியே இதுவரை மிகுதியாகப் பேசப்பட்டது. கனடாவிலே கோடையை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. 2021 ஆம் ஆண்டு ஆனி மாத இறுதியில் அந்த எண்ணம் மாறிற்று. அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அனற்காற்றுக் கவிகைபோல் மூடிநிற்க, ஜூன் 29 ஆம் தேதி லிற்றன் என்ற சிற்றூரில் 49.6 பாகை பதிவாயிற்று. ஜூன் 25 முதல் ஜூலை 1 வரையான அந்த ஒரு வாரத்தில், வெப்பத்தினால் 619 பேர் இறந்தனர் என அம்மாகாணத்து மரண விசாரணைச் சேவை 2022 இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களுள் நூற்றுக்கு 67 பேர் எழுபதும் அதற்கு மேலும் வயதுடையவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர்கள். நூற்றுக்கு 98 பேர் வெயிலில் அலைந்து இறந்தவர்கள் அல்லர். கட்டடங்களின் உள்ளேயே இறந்தவர்கள். பெரும்பாலோருடைய வீடுகளில் போதிய குளிரூட்டும் வசதி இருக்கவில்லை.

முதுமையில் உடல் வியர்ப்பது குறைகின்றது. தாகம் எடுப்பதும் குறைகின்றது. இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் உட்கொள்ளும் மருந்துகள் சில, உடம்பு வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலை மேலும் தளர்த்தும். அறை மிகச் சூடாகிவிட்டது என்பதை முதியவர் உணரும்போது நேரம் கடந்திருக்கலாம். அதிலும் மாடியறை இரவிலும் ஆறுவதில்லை. பகலெல்லாம் சூடேறிய கூரை, இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். குளிர்காலத்துக்கென்றே அளவிட்டுப் போட்ட குழாய்களோ கோடைக்கு ஒடுக்கமானவை. குளிர்ந்த காற்று கனமானதாகையால் அது கீழ்த்தளத்திலேயே தங்கிவிடும். நடைபாதைக் கருவி 24 பாகை என்று காட்டிப் பொறியை நிறுத்திய வேளையில், மாடியில் 30 பாகைக்கு மேல் இருக்கக்கூடும்.

2024 இல் நடைமுறைக்கு வந்த பிரிட்டிஷ் கொலம்பியாவின் கட்டட விதிகள், புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு குடியிருப்பிலும் குறைந்தது ஒரு வாழும் அறையேனும் கோடையில் 26 பாகைக்கு மேற்படாதவாறு அமைக்கப்படவேண்டும் என்கின்றன. வீடு முழுவதும் அன்று; ஓர் அறை. இது கவனித்தற்குரியது. எல்லா அறைகளையும் குளிரச் செய்ய முடியாத குடும்பமும் ஓர் அறையைக் குளிரச் செய்யலாம். அந்த அறையில் யார் உறங்கவேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம். முழு வலய முறைக்கு வசதியில்லாதவர்கள், முதியவரின் அறைக்கு மட்டும் சுவர்ப்பெட்டி ஒன்று வைத்தாலும் வேண்டியதிற் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

ஸ்காபுறோ வீட்டில் இப்போது மூன்று கருவிகள் உள்ளன. காற்று வடியை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுவது மூத்த பேரனின் வேலை. ஐப்பசியில் உலையையும் வைகாசியில் குளிரூட்டியையும் சான்றிதழ் பெற்றவர் வந்து பார்த்துச் செல்கிறார். மாடி வலயம் பகலில் மருமகன் உறங்குவதற்கும் இரவில் பிள்ளைகள் உறங்குவதற்கும் ஏற்ப நேரங்குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. வாயுக் கட்டணம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அம்மம்மாவின் அறை முன்பு பெறாத வெப்பத்தை இப்போது பெறுகின்றதல்லவா? கருவியில் ஆங்கில எழுத்துகள் சிறியனவாக இருப்பதால், மகள் ஒரு தாளில் தமிழில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். மேல் அம்புக்குறி சூடு, கீழ் அம்புக்குறி குளிர், மற்றப் பொத்தான்களைத் தொடவேண்டாம் என்பது அதன் வாசகம். அம்மம்மா அதனை 23 இல் வைத்திருக்கிறார். நடைபாதையில் இருப்பது 20.